கறை எங்கே இருக்கிறது?

இருட்டறையில் ஒரு தொலைநோக்கியின் முகப்பு லென்ஸ் மீது டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தவர்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். பகலில் மாசற்றுத் தெரிந்த கண்ணாடி அந்த வெளிச்சத்தில் புழுதிக்காடாகிவிடும். தூசிமணிகள் ஒவ்வொன்றும் மின்னும். தலைமயிரைவிட மெல்லிய கீறல்கள் எழும்பி வரும். காய்ந்துபோன பனித்துளியின் விளிம்புகள், ஓரத்தில் பிறை வடிவில் ஒரு சில்லு, உள்ளே எங்கோ அகப்பட்டுக்கொண்ட ஒரு குமிழி, விளிம்பை ஒட்டிச் சம இடைவெளியில் மூன்று கரிய துண்டுகள், தலையைச் சாய்த்தால் பச்சையும் ஊதாவுமாக நிறம் மாறும் ஒரு படலம். புதிதாக வாங்கியவர் தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார். பழையதை வாங்கியவர் துணியைத் தேடுவார். எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாமவரின் கை. தானாக வந்த குறையால் கெட்டுப்போன லென்ஸ்களைவிட, குறையைப் போக்கப்போய்த் தேய்த்துக் கெடுத்த லென்ஸ்களே அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

நான் சொல்வது ரிஃப்ராக்டர் என்று வானம் பார்ப்பவர்கள் அழைக்கும் ஒளிவிலகல் தொலைநோக்கியைப் பற்றி. நீண்ட குழாய், முன்னால் பெரிய பொருளருகு லென்ஸ், பின்னால் சிறிய கண்ணருகு லென்ஸ். முன்னால் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி அன்று. கிரௌன் கண்ணாடியில் செய்த குவிலென்ஸும் ஃபிளிண்ட் கண்ணாடியில் செய்த குழிலென்ஸும் சேர்ந்த இணை. ஒற்றை லென்ஸ் நட்சத்திரத்தைச் சுற்றி நிறங்களைச் சிதறடிக்கும். இணை அதைப் பெருமளவு அடக்கிவிடும். இங்கிலாந்தில் செஸ்டர் மூர் ஹால் 1730களில் செய்து பார்த்து வெளியே சொல்லாமல் விட்டதற்கு ஜான் டாலண்ட் 1758இல் காப்புரிமை பெற்று, அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அன்று முதல் முகப்பு லென்ஸுக்கு நான்கு பரப்புகள். கறை படிவதற்கும் நான்கு இடங்கள்.

பள்ளி அறிவியலில் ஒரு கேள்வி வரும். குவிலென்ஸின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடிவிட்டால் பிம்பமும் பாதியாகுமா? ஆகாது. முழுப் பிம்பமும் விழும், வெளிச்சம் மட்டும் குறையும். மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு நாம் கடந்து போகும் இந்த உண்மையில்தான் லென்ஸ் கறைகளின் ரகசியம் முழுவதும் இருக்கிறது. நிலாவின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி லென்ஸின் பரப்பு முழுவதையும் நிரப்பிக்கொண்டு வருகிறது; லென்ஸின் ஒவ்வொரு துணுக்கும் நிலா முழுவதையும் வரையப் பங்களிக்கிறது. ஆகவே லென்ஸில் ஓர் இடத்தை மறைத்தால் நிலாவில் எந்த இடமும் மறையாது. எல்லா இடத்திலிருந்தும் ஒரு துளி வெளிச்சம் போகும், அவ்வளவுதான்.

எவ்வளவு போகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸின் பரப்பு ஏறத்தாழ 7,850 சதுர மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் குமிழி ஒன்று மறைப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஓரத்தில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சில்லு தெறித்திருந்தாலும் இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடாது. நியூட்டன் வகை எதிரொளிப்புத் தொலைநோக்கியில் குழாயின் நடுவே ஒரு சிறு கண்ணாடி நின்றுகொண்டிருக்கும். அதன் அகலம் பெரிய கண்ணாடியின் அகலத்தில் கால்வாசி என்றால், அது மறைக்கும் பரப்பு 6 சதவீதத்துக்கும் மேல். அதைப் பொறுத்துக்கொண்டு சனியின் வளையங்களை ரசிப்பவர்கள், ரிஃப்ராக்டரின் ஒற்றைக் குமிழிக்குத் துவண்டுபோவது எனக்கு வருத்தமாக இருக்கும். கீறலும் தூசியும் ஒளியை மறைப்பதோடு சிதறவும் வைக்கும் என்பது உண்மை. பரப்பு முழுவதும் புழுதி மூடிக் கிடந்தால் வியாழனைச் சுற்றி ஒரு வெளிர்மூட்டம் தெரியும், இருண்ட வானம் சாம்பல் பூக்கும். அந்த நிலைக்கு வந்த லென்ஸைக் கழுவத்தான் வேண்டும். ஆனால் அந்த நிலை வர ஆண்டுக்கணக்கில் ஆகும். டார்ச்சோ ஒரே நொடியில் அதே பயத்தைக் கொடுத்துவிடுகிறது.

ஆக, ஒரு குறியைக் கண்டதும் எழ வேண்டிய கேள்வி, அதை எப்படிப் போக்குவது என்பதன்று. அது எங்கே இருக்கிறது? வானியல் வரலாற்றில் இந்தக் கேள்வியை முறையாகக் கேட்ட முதல் ஆட்களில் ஒருவர் கிறிஸ்டோஃப் ஷைனர். ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் கணிதம் கற்பித்த யேசு சபைத் துறவி. 1611இல் சூரியன் மேல் கரும்புள்ளிகளைக் கண்டார். சூரியன் மாசற்றது என்பது அவர் படித்து வளர்ந்த அரிஸ்டாட்டில் மரபின் பாடம். அதனால் முதல் சந்தேகம் கருவியின் மேல் விழுந்தது. குழாயை அதன் அச்சிலேயே திருப்பினார். புள்ளிகள் கூடவே திரும்பவில்லை. வேறு வேறு தொலைநோக்கிகளில் பார்த்தார். அதே புள்ளிகள், அதே இடங்களில். மற்றவர்களைப் பார்க்கச் சொன்னார், அவர்களும் கண்டார்கள். கண்ணாடியின் குறை அன்று, கண்ணின் குறையும் அன்று என்று 1612இன் தொடக்கத்தில் புனைபெயரில் வெளியான கடிதங்களில் வாதிட்டார்.

அதுவரை அவர் போன பாதை சரி. அடுத்த அடியில், சூரியனின் தூய்மையைக் காப்பாற்றும் ஆசையில், அவை சூரியனை நெருங்கிச் சுற்றும் சிறு கோள்கள் என்று சொல்லிவிட்டார். புள்ளிகள் விளிம்பை நெருங்கும்போது ஒடுங்குகின்றன, நகர்வும் மெதுவாகிறது, எனவே அவை சூரியனின் பரப்பை ஒட்டியே இருக்கின்றன என்று கலிலியோ 1613இல் காட்டினார். 1630இல் முடிந்த தன் பெரிய நூலான ‘ரோசா உர்சினா’வில் ஷைனரும் அதை ஏற்றுக்கொண்டார். முதல் முடிவில் தவறினாலும் அவருடைய முறை தவறவில்லை. நானூறு ஆண்டுகள் கழித்தும் அதே முறைதான்: கண்ணருகு லென்ஸைத் திருப்பிப் பார், அதனோடு குறி திரும்பினால் அதில் இருக்கிறது. வேறு கண்ணருகு லென்ஸை மாட்டிப் பார். கண்ணைச் சிமிட்டிப் பார், விழியை உருட்டிப் பார். எதற்கும் அசையாமல் நிலாவோடும் சூரியனோடும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால், அப்போது அது வானத்தினுடையது. கோடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் நாள்தோறும் எடுத்துவந்த சூரியப் படங்களை வைத்துப் புள்ளிகளை எண்ணுபவர்களுக்கும், எது தட்டில் விழுந்த தூசி, எது சூரியனில் எழுந்த புயல் என்பதைப் பிரித்த பிறகே எண்ணிக்கை தொடங்குகிறது. (சூரியனை உரிய வடிகட்டி இல்லாமல் தொலைநோக்கியில் யாரும் பார்க்கக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும்.)

முகப்பு லென்ஸில் கிடக்கும் தூசி கண்ணுக்குத் தெரியாது, கண்ணருகு லென்ஸில் கிடக்கும் அதே அளவு தூசி நிலாவின் மேல் கரும்பாறையாக நிற்கும். ஏனென்றால் பிம்பம் விழும் தளம் குழாயின் பின்முனையில் இருக்கிறது. அந்தத் தளத்தில் எது இருந்தாலும் அதுவும் வானத்தோடு சேர்ந்து கூர்மையாகத் தெரியும். 1640 வாக்கில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகில் வாழ்ந்த வில்லியம் காஸ்காயின் என்ற இளைஞரின் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூல் இழுத்தது. நூல் சரியாகக் குவியத்தில் அமைந்துவிட்டது. பார்த்தால் வானத்தின் குறுக்கே கூரிய கோடு! வேறொருவர் துடைத்துப் போட்டிருப்பார். காஸ்காயின் அந்தக் கோட்டின் இடத்தைப் பற்றி யோசித்தார். குவியத்தில் வேண்டுமென்றே நூல் கட்டினால் நட்சத்திரத்தின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கலாம், இரண்டு விளிம்புகளை வைத்து நகர்த்தினால் கோள்களின் அகலத்தை அளக்கலாம். தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியும் நுண்ணளவுமானியும் அப்படிப் பிறந்தவை. 1644இல் உள்நாட்டுப் போரில், மார்ஸ்டன் மூர் களத்தில், அவர் உயிர் போயிற்று. அந்தச் சிலந்தி நூல் வழியாகத்தான் அதன்பின் வந்த வானியலாளர்கள் வானத்தை அளந்தார்கள்.

இன்று கேமரா மாட்டி விண்படம் எடுப்பவர்களுக்கு இதே பாடம் இன்னும் அழகாகக் கிடைக்கிறது. படத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலான வட்டங்கள் விழும். அவை கேமராவின் உணரிக்கு முன்னால் எங்கோ ஒட்டியிருக்கும் தூசிகளின் நிழல்கள். நிழல் பெரிதாக இருந்தால் தூசி தள்ளி இருக்கிறது. சிறிதாக, கருமையாக இருந்தால் உணரியை ஒட்டி இருக்கிறது. தூரத்தைக்கூடச் சொல்லிவிடலாம். எஃப்/7 தொலைநோக்கியில் (குவியத்தூரம் லென்ஸின் விட்டத்தைப் போல ஏழு மடங்கு) உணரி மேல் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு நிழல் விழுந்தால், தூசி 7 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது. தன் முகவரியைத் தானே எழுதிக் காட்டும் தூசி! ஓர் எளிய பெருக்கலுக்குள் இவ்வளவு இருப்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

சில குறிகள் குறையே அல்ல, செய்தவர் வைத்தவை. அந்த மூன்று கரிய துண்டுகள் அப்படிப்பட்டவை. இணையின் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் மெல்லிய காற்றிடைவெளி நிற்பதற்காக, 120 பாகை இடைவெளியில் வெள்ளீயத் தாளின் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். அவற்றைக் குப்பை என்று எண்ணிப் பிடுங்கினால் லென்ஸ் கெடும். லென்ஸைக் கழற்றியவர்கள் அதன் பக்கவாட்டில் பென்சிலால் போட்ட ‘வி’ வடிவக் குறியையும் கண்டிருப்பார்கள். ஒரு கண்ணாடியில் தொடங்கி அடுத்ததில் முடியும் குறி அது. இரண்டையும் எந்தக் கோணத்தில் சேர்த்தபோது பிம்பம் சிறப்பாக இருந்ததோ, அந்தக் கோணத்தைச் செய்தவர் அங்கே எழுதி வைத்திருக்கிறார். அழுக்கு என்று அதை அழித்துவிட்டுச் சேர்த்தால் பழைய கோணத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்களுக்குச் சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சமும், நகரும் நுண்ணோக்கியின் அடியில் தெரிந்த நியூட்டன் வளையங்களும் மறந்திருக்காது. அதே வளையங்கள் காற்றிடைவெளி கொண்ட முகப்பு லென்ஸிலும் தெரியும். ஒற்றை நிற வெளிச்சத்தில் பார்த்தால் நடுவிலிருந்து விரியும் வட்டங்களாக. ஒவ்வொரு வளையமும் இடைவெளி அரை அலைநீளம் மாறியதன் அடையாளம். மஞ்சள் சோடியம் வெளிச்சத்தில் அது மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் மூன்று பங்கு. வளையங்களின் மையம் லென்ஸின் மையத்தில் இருந்தால் கண்ணாடிகள் ஒழுங்காக அமர்ந்திருக்கின்றன என்று பொருள். மையம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் ஒரு துண்டு நழுவியிருக்கலாம், அல்லது பிடிவளையம் ஒரு புறம் இறுகியிருக்கலாம். கண்ணாடிகளை ஒட்டிச் செய்த லென்ஸில் கதை வேறு. பழைய லென்ஸ்களைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டுவார்கள். பிசின் விட்டுப்போனால் விளிம்பிலிருந்து உள்நோக்கி நிறநிறமாக ஒரு திட்டு பரவும். எந்தத் துணியாலும் போகாது, ஏனெனில் அது துணி எட்டும் இடத்தில் இல்லை.

கண்ணாடிக்குள்ளேயே பிறந்த குறிகளில் குமிழி சாது. உண்மையான பகை, கண்ணுக்கு எளிதில் தெரியாத வரிகள். உருக்கிய கண்ணாடி முழுதும் ஒரே சீராகக் கலக்காவிட்டால் உள்ளே அடர்த்தி மாறிய இழைகள் ஓடும். ஒளி அவற்றில் வழி மாறும், நட்சத்திரம் சிதறும். பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்கப் பெரிய ஃபிளிண்ட் கண்ணாடி கிடைக்காமல் போனது இதனால்தான். சுவிட்சர்லாந்தில் மரவேலையும் மணி வார்ப்பும் செய்துகொண்டிருந்த பியர் லூயி கினான், உருகிய கண்ணாடியைச் சுட்ட களிமண் தண்டால் கிளறிக்கொண்டே இருந்தால் வரிகள் மறையும் என்று கண்டுபிடித்தார். 1805இல் பவேரியாவுக்கு அழைக்கப்பட்டார். அங்கே அந்தக் கலையைக் கற்று வளர்த்த யோசஃப் ஃப்ரௌன்ஹோஃபர் செய்த 24 சென்டிமீட்டர் லென்ஸ் 1824இல் டோர்பாட்டுக்கு, இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்குப் போயிற்று. அக்காலத்தின் ஆகப் பெரிய நிறத்திருத்த லென்ஸ் அதுவே. பின்னர் 1864இல் ஆகஸ்ட் டோப்லர், கண்ணாடியின் வரிகளைக் காட்டும் முறையைக் காற்றின் மேல் திருப்பினார். மெழுகுவர்த்தியிலிருந்து எழும் வெம்மைகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்குச் சற்றுப் பின், எர்ன்ஸ்ட் மாஹ் அதே முறையில் பாயும் துப்பாக்கிக் குண்டின் முன் எழும் அதிர்வலையைப் படம் பிடித்தார். கண்ணாடியின் குறையைத் தேடியவர்களின் முறை, காணமுடியாத காற்றைக் காணும் முறையாக வளர்ந்துவிட்டது.

ஆனால் கறைகளின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இங்கிலாந்தின் யார்க் நகரத்தினுடையது. அங்கே தாமஸ் குக்கின் பெயர் கொண்ட தொலைநோக்கிப் பட்டறையில் லென்ஸ் வடிவமைத்தவர் டென்னிஸ் டெய்லர். பழைய லென்ஸ்கள் பழுது பார்க்க வரும். ஃபிளிண்ட் கண்ணாடியில் ஈயம் அதிகம். ஈரக் காற்றுப் பட்டுப்பட்டு அதன் முகத்தில் ஊதாவும் நீலமுமாகப் படலம் கட்டியிருக்கும். உரிமையாளர்கள் அதை நோய் என்று கருதினார்கள். மெருகேற்றித் தரச் சொன்னார்கள். டெய்லர் 1890களில் அந்த லென்ஸ்களை அளந்து பார்த்தார். படலம் கட்டிய பழைய லென்ஸ், பளபளக்கும் புது லென்ஸைவிட அதிக ஒளியை உள்ளே விட்டது.

காரணம் இது. ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒவ்வொரு பரப்பிலும் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. கிரௌன் கண்ணாடியில் 4 சதவீதம், ஃபிளிண்டில் அதைவிடக் கூட. நான்கு பரப்புகளைக் கடந்து வரும்போது ஆறில் ஒரு பங்கு தொலைந்திருக்கும். ஈரம் கண்ணாடியின் மேல்தோலிலிருந்து ஈயத்தையும் காரங்களையும் கரைத்து எடுத்துவிட, அங்கே ஒளிவிலகல் குறைந்த மெல்லிய அடுக்கு எஞ்சுகிறது. அந்த அடுக்கின் மேற்புறமும் அடிப்புறமும் திருப்பி அனுப்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. திரும்பிப் போக முடியாத ஒளி முன்னே செல்கிறது. இந்தப் படலத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது பார்ப்பவருக்கு நன்மையே செய்கிறது என்று டெய்லர் உரிமையாளர்களைத் தேற்றி எழுதினார். 1904இல், அமிலத்தால் கண்ணாடியைச் செயற்கையாக முதுமையடைய வைக்கும் முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். அது எப்போதும் ஒரே போல வாய்க்கவில்லை. 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மகூலா, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் மேற்பூச்சைக் கண்டார். அது போர்க்கால ரகசியமாகக் காக்கப்பட்டது. இன்று நம் கேமராவிலும் மூக்குக் கண்ணாடியிலும் ஊதாவும் பச்சையுமாக மின்னும் பூச்சு அந்த வழியில் வந்தது. மக்னீசியம் ஃபுளோரைடின் ஒற்றை அடுக்கு, தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 4 சதவீத இழப்பை ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிடும். ஒரு புது லென்ஸை வாங்கி, அதில் நிறப் படலம் தெரிகிறதே என்று கவலைப்படுபவர், டெய்லரின் வாடிக்கையாளர்கள் பட்ட அதே கவலையைப் படுகிறார். டெய்லருக்கு முன்னால் எத்தனை லென்ஸ்களின் நல்ல தோலை மெருகேற்றி உரித்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

எல்லாக் கறையும் நன்மை என்று நான் சொல்லவில்லை. சென்னையிலும் நம் கடலோர ஊர்களிலும் ஐப்பசி கார்த்திகையில் லென்ஸுக்கு வரும் பூஞ்சை மெய்யான நோய். விளிம்பிலிருந்து வெள்ளை இழைகள் கிளை பிரிந்து நடுவை நோக்கி நகரும். அவை சுரக்கும் அமிலம் முதலில் பூச்சையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கும். இதில் தாமதம் கூடாது. கைதேர்ந்தவரிடம் கொடுத்துத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டியில் வைக்க வேண்டும். அழகான தோல் உறையும் வெல்வெட் பதித்த மரப்பெட்டியும் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை ஊட்டி வளர்ப்பவை. பனியில் நனைந்த லென்ஸை உடனே மூடி வைப்பதும் அப்படியே. பூஞ்சை போன பிறகு அரித்த தடம் மிச்சமிருக்கும். அதை விட்டுவிட வேண்டும்.

இடம் தெரியாத குறி எத்தனை பெரிய மனிதர்களை அலைக்கழித்தது என்பதற்கு வெள்ளியின் நிலா சாட்சி. 1672இலும் 1686இலும் பாரிஸில் காசினி, 1740இல் லண்டனில் ஜேம்ஸ் ஷார்ட், பிறகு இன்னும் பலர், வெள்ளிக்கு அருகில் அதே பிறை வடிவில் ஒரு சிறு துணையைக் கண்டதாக எழுதினார்கள். சாதாரண ஆட்கள் இல்லை. 1766இல் வியன்னாவின் மாக்ஸிமிலியன் ஹெல் விளக்கம் சொன்னார். வெள்ளியின் பேரொளி பார்ப்பவரின் விழியில் பட்டுத் திரும்பிக் கண்ணருகு லென்ஸுக்குள் போய், அங்கிருந்து மறுபடி கண்ணுக்கு வந்த பொய்ப் பிம்பம் அது. வேறு சில முறை, பின்னணியில் இருந்த நட்சத்திரங்களையே நிலா என்று கொண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கு நிலா கிடையாது.

இதைத் தெரிந்துகொண்டு 1862 ஜனவரி 31ஆம் தேதி இரவைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கேம்பிரிட்ஜ்போர்ட்டில், ஆல்வன் கிளார்க்கின் பட்டறை. கிளார்க் முதலில் உருவப்படம் வரையும் ஓவியர். பிறகு லென்ஸுக்கு வந்தவர். இறுதிக் கட்டத்தில் விரலாலேயே கண்ணாடியைத் தேய்த்துக் குறை தீர்க்கும் அளவுக்குக் கை நுட்பம். அப்போது அவர்கள் கையில் இருந்தது 18.5 அங்குல லென்ஸ், உலகிலேயே பெரியது. மகன் ஆல்வன் கிரஹாம் கிளார்க் அதைச் சோதிக்கச் சிரியஸ் நட்சத்திரத்தின் மேல் திருப்பினார். வானிலேயே ஒளிமிக்க நட்சத்திரம் என்பதால் லென்ஸின் எந்தக் குறையும் அதில் காட்டிக்கொடுத்துவிடும். குறை தேடிய கண்ணுக்கு, அந்தப் பேரொளியின் அருகில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. சிரியஸைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மங்கல்.

லென்ஸ் செய்பவருக்கு அந்த நேரத்தில் முதலில் எழக்கூடிய எண்ணம் என்ன? பொய்ப் பிம்பம், பரப்புகளுக்கிடையே எதிரொளித்த ஒளி, கண்ணாடியில் எங்கோ ஒரு வரி. ஆனால் சில நாட்களுக்குள் ஹார்வர்டில் ஜார்ஜ் பாண்ட் வேறொரு லென்ஸில், 15 அங்குல ரிஃப்ராக்டரில், அதே இடத்தில் அதே புள்ளியைக் கண்டார். ஷைனரின் அதே சோதனை, 250 ஆண்டுகள் கழித்து. அந்தப் புள்ளி வானத்தினுடையது. சிரியஸின் ஓட்டத்தில் இருந்த தள்ளாட்டத்தைக் கொண்டு அதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை உண்டு என்று ஜெர்மன் வானியலாளர் பெஸல் 1844இல் சொல்லியிருந்தார். அதைப் பார்க்காமலே 1846இல் இறந்துபோனார். 1915இல் வால்டர் ஆடம்ஸ் அதன் நிறமாலையை எடுத்தபோது அது வெப்பமான வெண்ணிற நட்சத்திரம் என்று தெரிந்தது. சூரியனின் நிறை, பூமியின் அளவு. வெண்குறுமீன் என்ற புதிய இனத்தை உலகம் புரிந்துகொள்ளத் தொடங்கியது அந்தப் புள்ளியிலிருந்து.

இதே கிளார்க் பட்டறை செய்த 24 அங்குல ரிஃப்ராக்டரில்தான் பெர்சிவல் லோவல், அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப்பில், 1896இல் வெள்ளியைப் பார்த்தார். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து கிளைத்துச் செல்லும் கோடுகள். வேறு எவரும் அவற்றை உறுதி செய்யவில்லை. வெள்ளியைத் தடித்த மேகம் மூடியிருக்கிறது. அப்படிப்பட்ட கோடுகள் அங்கே இருக்க வழியில்லை. லென்ஸிலும் குறை இல்லை. வெள்ளியின் கூச்சத்தைக் குறைக்க அவர் முகப்பு லென்ஸின் பெரும்பகுதியை மூடிவிட்டு மூன்று அங்குல அளவுக்கே திறந்து வைத்துப் பார்த்தார். அப்படிச் செய்யும்போது கண்ணருகு லென்ஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை ஊசிமுனையாக மெலிகிறது. மெலிந்த கற்றையில் விழிக்குள் இருக்கும் குருதிக் குழாய்களின் நிழல் விழித்திரையில் கூர்மையாக விழும். லோவல் வரைந்தது தன் விழித்திரையின் குழாய்களையே என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலர் விளக்கினார்கள். அவர் வரைந்த படத்தைப் பார்க்கும்போது அந்த விளக்கமே பொருந்துகிறது என்பது என் எண்ணம். அதிக உருப்பெருக்கத்தில் நிலாவைப் பார்க்கும் எவருக்கும் தன் விழிக்குள் மிதக்கும் இழைகள் நிலாவின் மேல் நீந்துவது தெரியும். லோவல் 1902இல் தன் கூற்றைத் திரும்பப் பெற்றார், பின்னர் மறுபடியும் அதற்கே திரும்பினார். தொலைநோக்கியைத் திருப்பி, கண்ணருகு லென்ஸை மாற்றி, கடைசியில் தன் கண்ணையும் சோதனைக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது. அங்கேதான் மிகத் திறமையானவர்களும் நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் கல்லூரியின் இயற்பியல் துறை அலமாரியிலோ, ஊர்ப் பள்ளியின் ஆய்வுக்கூடத்திலோ, தாத்தாவின் பெட்டியிலோ ஒரு பழைய ரிஃப்ராக்டர் கிடைத்தால், லென்ஸைப் பார்த்துவிட்டுப் பயன்படாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். துணியையும் எடுக்காதீர்கள். தளர்வாக இருக்கும் தூசியை ரப்பர் ஊதுகுழலால் ஊதிவிடுங்கள். வெளிக்காற்றின் குளிருக்கு அரைமணி நேரம் பழகவிட்டு, ஒளிமிக்க ஒரு நட்சத்திரத்தின் மேல் திருப்புங்கள். குவியத்திலிருந்து சற்று உள்ளேயும் சற்று வெளியேயும் நகர்த்தினால் வட்ட வளையங்கள் தெரியும். இரண்டு பக்கமும் அவை ஒரே மாதிரி, வட்டமாக இருந்தால், அந்த லென்ஸ் எத்தனை கறையோடு இருந்தாலும் நல்ல லென்ஸ். முக்கோணமாகத் தெரிந்தால் பிடிவளையம் இறுகியிருக்கிறது, அறிந்தவரை வைத்துத் தளர்த்துங்கள். பூஞ்சை இருந்தால் மட்டும் காலம் கடத்தாமல் வைத்தியம் செய்யுங்கள். மற்றபடி அதைப் பூட்டி வைக்காமல், மாலையில் பிள்ளைகள் வந்து நிலாவைப் பார்க்கும்படி முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.